சந்திப்பில் அடாஸ்: இரண்டு வருட ஓட்டத்துக்குப் பிறகு

அடாஸ், அதாவது கேமரா, ரேடார் வழியாகச் சாலையைப் பார்த்து ஓட்டுநரை எச்சரிக்கும், தேவைப்பட்டால் பிரேக்கும் போடும் வசதி உள்ள கார் வாங்கி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. ஓட்டம் பெரும்பாலும் சென்னைக்குள்தான். "ஜங்ஷன்ல நிஜமாவே உதவுதா?" என்று கேட்டால், ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று திருப்பிக் கேட்பேன்.

சிக்னல் விழுந்து நகரும்போது முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றால், முதலில் பீப் அடிக்கிறது. நாம் கால் வைக்காவிட்டால் தானே பிரேக் போடுகிறது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

வலது பக்கம் திரும்பும்போது எதிரே வரும் வண்டியைக் கவனிக்கும் வசதியும் உண்டு. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2020 முதல் இதைச் சோதிக்கிறது. கார் மெதுவாகத் திரும்பும், எதிர் வண்டி அதைவிட வேகமாக வரும். அங்கே இன்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புகிறார்கள். நம்மில் எத்தனை பேர் போடுகிறோம்?

சிக்கல் பக்கவாட்டில்தான். சந்துக்குள்ளிருந்து பாய்ந்து வரும் பைக்கை என் கார் பெரும்பாலும் கடைசி நிமிடத்தில்தான் பார்க்கிறது. முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, பம்பர் நடுவில் ஒரு ரேடார். இரண்டின் கவனமும் நேர் எதிரில். 40 கி.மீ. வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். ஓரத்தில் பஸ் நின்றால் கேட்கவே வேண்டாம், அதற்கு அப்பால் இருப்பது நமக்கும் தெரியாது, காருக்கும் தெரியாது.

நெரிசலில் ஷேர் ஆட்டோ குறுக்கே நுழையும்போதெல்லாம் அலறியதால், எச்சரிக்கையை 'தாமதம்' என்ற நிலைக்கு மாற்றி வைத்திருக்கிறேன். ஐப்பசி அடைமழையில் கேமரா வேலை செய்யவில்லை என்று திரையில் செய்தி வந்து நிற்கும், அப்போது எல்லாம் நம் பொறுப்பு.

கொடுத்த காசுக்கு நியாயம் செய்வது, யாரும் பேசாத பின்பக்க கிராஸ் டிராஃபிக் அலர்ட். கேட்டிலிருந்து ரிவர்ஸில் தெருவுக்கு வரும்போது பின்பம்பரின் மூலை ரேடார்கள் இருபுறமும் பார்த்துச் சொல்லிவிடுகின்றன. மற்றதையெல்லாம் அணைத்து வைக்கும் என் மனைவி இதைத் தொடுவதே இல்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் ஷோரூமில் "லெவல் 2" (ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் கார் சேர்த்துக் கவனிக்கும், பொறுப்பு ஓட்டுநருடையதே) என்றதும் தலையாட்ட வேண்டாம். முன்பம்பரின் இரு மூலைகளிலும் ரேடார் இருக்கிறதா, குறுக்கே வரும் வண்டிக்கு பிரேக் போடுமா, வெறும் பீப் மட்டும்தானா என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் யூசர் மேனுவலை வாங்கிப் பாருங்கள், அதில் எழுதியிருக்கும்.