சுங்குடிச் சேலை விற்க எது கைகொடுக்கும்: இன்ஸ்டாகிராமா, யூடியூபா, வாட்ஸ்அப்பா?

அக்கா மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறார். கடை கிடையாது. வீட்டின் முன்னறை, ஒரு மர அலமாரி, ஒரு போன், அவ்வளவுதான். அவருடைய விளம்பர வேலைகளைச் சில வருடங்களாக நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். வீட்டிலிருந்தே வியாபாரம் செய்கிறவர்கள் யாரைப் பார்த்தாலும் "எதுல போட்டா ஓடும்?" என்றுதான் கேட்கிறார்கள். நாங்கள் எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்திருக்கிறோம். அதை வைத்துச் சொல்கிறேன்.

இன்ஸ்டாகிராமிலிருந்து ஆரம்பிக்கலாம். முன்பின் தெரியாதவர் கண்ணில் காசில்லாமல் பட வேண்டுமென்றால் இன்றைக்கு ரீல்ஸுக்கு நிகர் கிடையாது. நம்மைப் பின்தொடராதவர்களுக்கும் அதுவே கொண்டுபோய்க் காட்டுகிறது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சேலையை, முடிச்சுப் பிரிக்காமல் வைத்திருந்து ஒரு நாள் படம் எடுத்தோம். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அத்தை. இருவரும் துணியை மூலைக்கு மூலை பிடித்து இழுத்ததும் முடிச்சுகள் படபடவென்று அவிழ்ந்து, அரக்கு நிறத்துக்குள்ளிருந்து வெள்ளைப் புள்ளிகள் வந்தன. பத்து நொடிதான். நாங்கள் அதுவரை போட்ட எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை.

ஆனால் விற்றது நாலே சேலை. கருத்துப் பெட்டி முழுக்க "பிரைஸ் பிளீஸ்". ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போட்டோம், பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ரீல் பார்ப்பவர் வேடிக்கை பார்க்க வந்தவர். வீடியோவுக்குக் கீழே எழுதுகிற இணைப்பைத் தொட்டாலும் திறக்காது, நம் பக்கத்துக்குள் போய்த்தான் தேட வேண்டும். அதற்குள் விரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடும். இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு: விலையை வீடியோவிலேயே எழுதிவிடுங்கள். "இன்பாக்ஸ் பார்க்கவும்" என்று சொன்னாலே, ஆளுக்கொரு விலை சொல்வார்கள் போல என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. விலையைப் போட ஆரம்பித்த பிறகு எங்களுக்குக் கேள்விகள் குறைந்தன, வந்தவர்கள் வாங்க வந்தார்கள்.

யூடியூப் வேறு மாதிரி. ஷார்ட்ஸும் ரீல்ஸ் போலத்தான் நடந்துகொள்கிறது, அதை விடுங்கள். பலம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, தேடல். "ஒரிஜினல் சுங்குடியை எப்படிக் கண்டுபிடிப்பது" என்று அக்கா ஆறு நிமிடம் பேசிய வீடியோ ஒன்று உண்டு. சந்தையில் சுங்குடி என்ற பெயரில் வருவதில் நிறைய அச்சுப் போட்டது. கையால் கட்டிய புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது, நடுவில் சாயம் சின்னப் பொட்டாக நிற்கும், துணியில் சுருக்கம் தெரியும் என்று எடுத்துக் காட்டியிருப்பார். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொல்லியிருப்பார். அந்த வீடியோவைத் தேடி இன்றும் ஆட்கள் வருகிறார்கள். ரீல் ஒன்று ஒரு வாரத்தில் அடங்கிவிடுகிறது.

இன்னொன்று, நேரலை. மத்தியானம் சமையல் முடிந்து பாத்திரம் கழுவி உட்காருகிற நேரத்தில் ஒரு மணி நேரம். "பிடிச்ச சேலைய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்பது இப்போது தமிழ்நாட்டுச் சேலை நேரலைகளின் பல்லவி. "முந்தானையக் காட்டுங்க", "ஜன்னல்கிட்ட கொண்டுபோங்க" என்று கேட்கக் கேட்கக் காட்ட வேண்டும். ஒரு நேரலையில் அக்கா, "இது முதல் ரெண்டு தண்ணிக்குச் சாயம் விடும்க்கா, உப்புத் தண்ணில தனியா நனைச்சிடுங்க" என்று தானாகவே சொன்னார். விற்பனை கெட்டுவிடுமோ என்று எனக்குப் பயம். அன்றைக்குத்தான் அதிகம் போனது. குறையைச் சொல்கிறவரிடம் வாங்கலாம் என்று மக்கள் நினைக்கிறார்கள். கஷ்டம் என்னவென்றால், ஒரு மணி நேரம் சலிக்காமல் பேசுகிற ஆள் வேண்டும். எல்லாருக்கும் அது வராது.

ஃபேஸ்புக்கில் தனியாக உழைக்கத் தேவையில்லை. இன்ஸ்டாகிராமில் போடுவதை அங்கேயும் போகவிட்டால் போதும்.

அப்புறம் வாட்ஸ்அப். புது ஆள் ஒருவரைக்கூட அதுவாகக் கொண்டுவராது. ஆனால் வந்தவரைத் தக்கவைப்பதில் மற்ற எதுவும் இதன் பக்கத்தில் வராது. 2018இல் வந்த பிசினஸ் செயலியில் விலையோடு பொருள் பட்டியல் வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். அதிலும் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். பலர் இதைக் குறை என்கிறார்கள். எனக்கு இது பெரிய வடிகட்டியாகத் தெரிகிறது. சேமித்தவர் என்றால் பாதி வாடிக்கையாளர் ஆகிவிட்டவர்.

குரூப் மட்டும் வேண்டாம். ஆரம்பத்தில் நாங்கள் வைத்திருந்தோம். உறுப்பினர் எண்கள் எல்லாருக்கும் தெரிந்ததால், ரீசெல்லர் (பிறரிடம் வாங்கி விற்கிறவர்) ஒருவர் உள்ளே வந்து எங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனியாகத் தன் சேலைகளை அனுப்பினார். பிராட்காஸ்டில் அந்தத் தொல்லை இல்லை. வாரத்துக்கு ஒரு செய்திக்கு மேல் அனுப்பாதீர்கள். தினமும் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள். மற்ற நாட்களுக்கு ஸ்டேட்டஸ் இருக்கிறது.

காசு கொடுத்துச் செய்வதில் இரண்டு வழி. பிரபலமானவரிடம் கொடுப்பது ஒன்று. லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்கள் உள்ள ஒருவருக்கு ஒரு முறை பணமும் சேலையும் கொடுத்தோம். இரண்டு ஆர்டர் வந்தது. அவரிடம் இருந்த கூட்டம் நகைச்சுவை பார்க்க வந்த கூட்டம், சேலை வாங்க வந்ததல்ல. எண்ணிக்கையைப் பார்த்த நாங்கள் அதைப் பார்க்கவில்லை. தவிர, காசு வாங்கிச் சொல்வது விளம்பரம்தான் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021இலேயே சொல்லிவிட்டது. மறைத்துச் செய்யச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள்.

மற்றது, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் விளம்பரம். எதைக் கேட்கிறோமோ அதைச் செய்யக்கூடிய ஆட்களைத்தான் அது தேடிப் பிடிக்கிறது. லைக் கேட்டால் லைக் போடுகிறவர்கள் வருவார்கள். ஆகவே பதிவைக் காசு கொடுத்துப் பரப்ப அதன் அடியில் தெரிகிற பூஸ்ட் பொத்தானை அவசரத்தில் தட்டாமல், வாட்ஸ்அப் செய்தி வர வேண்டும் என்ற நோக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இந்த வழியே கட்டுப்படியானது.

ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்குவது ஏன் ஆபத்து என்பதை அக்காவின் தோழியிடம் பார்த்தேன். அவருடைய வியாபாரம் மொத்தமும் டிக்டாக்கில். 2020 ஜூன் 29 அன்று தடை வந்தது, பின்தொடர்ந்த அத்தனை பேரும் போனார்கள். ஒருவருடைய எண்ணும் அவரிடம் இல்லை.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறதா? வாட்ஸ்அப். இரண்டு முடியுமானால், பேச வருகிறவர் யூடியூபையும், பேச வராமல் கை வேலையைக் காட்ட முடிந்தவர் ரீல்ஸையும் சேர்த்துக்கொள்ளலாம். ரீலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை நான் இப்போது குறித்து வைப்பதில்லை. அந்த வாரம் எத்தனை புது எண்கள் வந்தன என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே விளம்பரத்தை ஆரம்பித்து, கடைசி வாரம் நிறுத்திவிட்டு, பழைய பட்டியலுக்கு மட்டும் புது வரவை அனுப்பப் போகிறோம். ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் அக்கா தன் கையெழுத்தில் ஒரு சீட்டு வைக்கிறார்: "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, அடுத்த வாரம் மஞ்சள் கலர் வருது."