ஹட்டன் பல்கனியில் தும்புச் சட்டியும் குருவி முட்டியும்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் டவுனில் மாடி வீடு. முற்றம் கிடையாது, சிமெந்து பல்கனியும் தகரக் கூரையும்தான். அங்கே மாட்டுவதற்கென்று தென்னந்தும்பில் செய்த சுவர்ச் சட்டிகளும், சிட்டுக்குருவிக்கான மண் முட்டியும் வாங்கிச் சில மழைக்காலம் போய்விட்டது. லேபலில் உள்ள 'இயற்கைக்கு உகந்தது' இருக்கட்டும், பொருள் எப்படி உழைத்தது என்று சொல்கிறேன்.

மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் எதுவும் காயாது. தும்பு தண்ணீரைக் குடித்துக் கனத்து, சட்டியைத் தாங்கும் கம்பி வளையத்திலிருந்து தொய்ந்தது. இரண்டாம் வருஷம் அடிப்பக்கம் இற்று, விரலை வைத்தால் உள்ளே போனது. கொடுத்த காசுக்கு இந்த ஆயுள் போதாது. பழைய பிளாஸ்டிக் சட்டி இன்னும் கல்லுமாதிரி கிடக்கிறது.

ஆனாலும் மறுபடி தும்புதான் வாங்கினேன், அந்த இற்றுப்போன பக்கத்துக்காகவே. முதலில் பாசி பிடித்தது, பிறகு நான் வைக்காத பன்னம் முளைத்தது. மழை விட்ட காலையில் கொண்டைக்குருவி கூட்டுக்குத் தும்பு தேடி வரும். விளிம்பில் காலை ஊன்றி, ஒரு இழையை அலகில் கவ்வி, தலையை அப்படியும் இப்படியும் வெட்டி இழுக்கும். வராவிட்டால் அடுத்த இழை. ரப்பர் பால் பூசி இறுக்கிய சட்டியும் ஒன்று வைத்திருக்கிறேன். அது பார்க்க அழகு, கூடுதல் நாளும் உழைக்கிறது, ஆனால் ஒரு குருவியும் அதைச் சீண்டுவதில்லை.

"தம்பி, இதுக்குள்ள பூரான்தான் குடியேறும், பாத்துக்குங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. குடியேறியது. செருப்பைத் தட்டிவிட்டுப் போடுகிறோம்.

மண் முட்டியில் வாய்தான் கோளாறு. சிட்டுக்குருவி நுழைய 32 மில்லிமீற்றர் துவாரம் போதும். எனக்குக் கிடைத்ததில் கையே போகும், மைனா புகுந்துகொண்டது. சிரட்டையில் துளை போட்டு வாயை அடைத்த பிறகுதான் சிட்டு ஜோடி எட்டிப் பார்த்தது. அடியில் வடிதுளையும் இல்லை, சாரல் அடித்தால் உள்ளே தண்ணீர். மலைநாட்டு மழையைப் பார்க்காதவர் செய்த சாமான்!

கூடவே வந்த தண்ணீர்த் தட்டை வைக்காதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் தேங்கினால் அதில் டெங்கு நுளம்பு பெருகிவிடும். சுகாதாரப் பரிசோதகரிடம் "குருவிக்கு வைத்தது" என்றால் விடமாட்டார். கவிழ்க்கச் சுலபமான சின்ன மண் தட்டில், தினமும் மாற்றி வைக்கிறேன்.

இலவச விதைப் பொட்டலத்தில் செடியின் பெயரே இல்லை, அதைப் போடவில்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்து, பிறகு பரவிவிட்ட உலெக்ஸ் முட்புதரை ஹோர்ட்டன் சமவெளியில் பிடுங்கப் படும் பாடு தெரியுமே. என் சட்டிகளில் காசித்தும்பை, துளசி, சம்பலுக்கு வல்லாரை.

வாங்குகிறவர்கள் வளையக் கம்பி துருப்பிடிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். என்னுடையது துருப்பிடித்துச் சுவரில் கறை இறங்கி, வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கினேன். தும்பை மட்டும் தனியாக விற்றால் வளையத்தை வைத்துக்கொண்டு மாற்றிப் போடலாம். இப்போதைக்கு முழுச் சட்டியாகத்தான் தருகிறார்கள்.