'ஃபோர் சீசன்' டென்ட் வாங்குபவர்களுக்கு: என்னை ஏமாற்றிய விதம் இதுதான்

"பலத்த காற்று, கனமழை, பனிப்பொழிவு ஆகியவற்றால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது." 'ஃபோர் சீசன்', அதாவது பனிக்காலம் உட்பட எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் என்று, மோசமான வானிலைக்கென்றே விற்கப்பட்ட டென்ட் கிழிந்துவிட்டது என்று புகார் கொடுத்ததற்கு எனக்கு வந்த பதில் இது. வேறு எந்த வானிலைக்குத்தான் பொருந்தும் என்று திருப்பிக் கேட்டேன். சத்தமே இல்லை.

புகார் இன்னும் முடியாததால் கம்பெனியின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை. இதே தில்லுமுல்லை யாரும் செய்யலாம். கூடாரங்களுக்கு ஐஎஸ்ஓ 5912 என்று ஒரு தரநிலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 'ஃபோர் சீசன்' என்று பையில் அச்சடிக்க எவரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

முதலில் கம்பி. விளம்பரத்தில் 'அலுமினியம் கம்பிகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மலைமுகட்டில் நள்ளிரவு தாண்டிக் காற்று திசை மாறிப் பக்கவாட்டில் அடித்தது. ஒரு கம்பி பட்டென்று முறிந்து, அதன் முனை மேல்விரிப்பை, அதாவது உள்கூடாரத்தின் மேல் போர்த்தும் மழைத்துணியை, குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே போனது. டார்ச் அடித்துப் பார்த்தால் முறிந்த இடத்தில் உலோகமே இல்லை. துடைப்பத்தின் நுனி போல வெள்ளை வெள்ளையாய் நார். தொட்டதும் விரலில் சிலாம்பு ஏறியது. ஃபைபர் கிளாஸ் மேல் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்!

இது ஏன் பெரிய விஷயம் என்றால், நல்ல அலுமினியக் கம்பி அளவுக்கு மீறிய பாரம் வந்தால் பெரும்பாலும் முதலில் வளையும். முறிந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிறு குழலை மாட்டி, டேப் சுற்றி அந்த இரவை ஓட்டிவிடலாம். ஃபைபர் கிளாஸ் நீளவாக்கில் பிளந்து சிதறும். குளிரில் இன்னும் மோசம். போனில் கேட்டபோது அவர்கள் சொன்ன விளக்கத்தைக் கேளுங்கள்: "கம்பித் துண்டுகளை இணைக்கிற குழல் அலுமினியம்தானே சார், அதைத்தான் குறிப்பிட்டிருக்கிறோம்."

பார்சல் வந்த அன்றே கம்பியின் முனையை நகத்தாலோ சாவியாலோ சுரண்டிப் பாருங்கள். நார் தெரிந்தால் அப்போதே திருப்பி அனுப்புங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், அலுமினியத்திலும் அது ஒட்டாது.

இரண்டாவது, வெளியே தெரியாத ஒன்று. மேல்விரிப்பில், டென்ட்டைத் தரையோடு இழுத்துக் கட்டும் இழுகயிறுகளுக்கான வளையங்கள் வரிசையாக இருந்தன, படத்தில் பார்க்க அமர்க்களமாக இருக்கும். உருப்படியான டென்ட்டில் அந்த வளையத்துக்கு நேர் உட்புறம் ஒரு சின்னப் பட்டியோ வெல்க்ரோ நாடாவோ தைத்திருப்பார்கள். அதைக் கம்பியோடு சுற்றிக் கட்டினால், கயிறு இழுக்கும்போது அந்த இழுப்பைக் கம்பி வாங்கிக்கொள்ளும். என்னுடையதில் உள்ளே ஒன்றுமே கிடையாது. கயிறு முழுக்க முழுக்கத் துணியைத்தான் இழுத்தது. கம்பி முறிவதற்கு முன்பே இரண்டு வளையங்கள் தையலோடு பிய்ந்து வந்துவிட்டன. வாங்குமுன் இந்த உட்புறத்தின் போட்டோவைக் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், தண்ணீர் தாங்கும் திறன் என்று விளம்பரத்தில் போட்டிருந்த '5000 மி.மீ.' கதை. துணியின் மேல் நீரழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், மூன்று இடங்களில் நீர் கசிந்ததும் குறித்துக்கொள்ளும் அளவு அது. எண்ணில் பொய் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் அது தரைத்துணிக்கு மட்டுமான எண் என்பதை விளம்பரத்தில் எங்கேயும் சொல்லவில்லை. பையோடு வந்த சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. மேல்விரிப்புக்கு எவ்வளவு என்று இன்றுவரை பதில் இல்லை. அதோடு, தையல் வழியே ஒழுகினால் துணி எத்தனை ஆயிரம் தாங்கி என்ன? தையலை மூட உள்ளே ஒட்டியிருந்த டேப் மூலைகளில் அன்றைக்கே உரிந்து தொங்கியது.

உள்கூடாரத்தின் பாதிச் சுவர் வெறும் வலை. மேல்விரிப்பும் தரைவரை இறங்கவில்லை, ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. கோடைக்கு இது நல்ல அமைப்புதான். பனிக்காற்றில் மாவு போன்ற பனித்தூள் அந்த இடைவெளியில் புகுந்து, வலை வழியாகத் தூங்கும் பையின் மேலேயே வந்து விழும். வலைச் சுவரை மூடிக்கொள்ளத் துணிக் கதவு இருக்கிறதா, மேல்விரிப்பின் விளிம்பு தரையைத் தொடுகிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அதற்காகக் காற்றுப்போக்கியே இல்லாத டென்ட்டையும் எடுத்துவிடாதீர்கள். மூச்சுக்காற்றின் ஈரம் உள்ளேயே படிந்து சொட்டும்.

ஜிப், முளைகள் பற்றி எழுத இடம் போதாது. முளைகள் கையாலேயே வளைந்தன, அவ்வளவுதான்.

இப்போது நிலவரம்: மாற்றுக் கம்பி ஒன்றை 'நல்லெண்ண அடிப்படையில்' அனுப்புகிறார்களாம், கூரியர் செலவு என்னுடையதாம். அதுவும் அதே ஃபைபர் கிளாஸ்தான், கேட்டுவிட்டேன். வேண்டாம் என்று சொல்லி, வாங்கிய அன்றைய விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், முறிந்த கம்பியின் படம், அவர்களுடைய பதில்கள் எல்லாவற்றையும் சேர்த்து, கார்டு கொடுத்த வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஸ்கிரீன்ஷாட்டை நீங்களும் பணம் கட்டுவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். என் புகார் போன மறுவாரமே அந்தப் பக்கத்தில் 'அலுமினியம் கம்பிகள்' என்பது 'உறுதியான கம்பிகள்' ஆகிவிட்டது.