நாலு பேருக்கு ஒரு கண்ணாடி டீ பாட்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நான் நடத்தும் தையல் கடையின் அலமாரியில் ஒரு கண்ணாடி டீ பாட் இருக்கிறது. பிளவுஸுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்கே வாங்கினீங்க அக்கா, உருப்படியா இருக்குமா?" என்று கேட்காமல் போவதில்லை. இஞ்ச் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பாதி பாதியாகப் பதில் சொல்லி வந்தேன். இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் அவசரத்தில் டீ போட இது வேண்டாம், அதற்கு அலுமினியப் பாத்திரமே போதும். நாலு பேர் சேர்ந்து நிதானமாக உட்கார வேண்டும் என்றால் வாங்குங்கள்.

பொருளைப் பற்றி முதலில். 600 மில்லி பிடிக்கும் போரோசிலிகேட் கண்ணாடிப் பாத்திரம். உள்ளே தொங்கும் ஸ்டீல் வடிகட்டி, மேலே ஸ்டீல் மூடி, பக்கத்தில் கண்ணாடிக் கைப்பிடி. விலை 700 ரூபாய் சொச்சம். ஆன்லைனில் வாங்கினேன். இதே வடிவத்தில் பல கம்பெனிகள் விற்கின்றன, டப்பா மேல் உள்ள பெயர்தான் மாறுகிறது. அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், கண்ணாடி என்ன வகை என்று மட்டும் பாருங்கள்.

அது முக்கியம். சாதாரணக் கண்ணாடியில் கொதிக்கிற தண்ணீரைத் திடீரென்று ஊற்றினால் உட்பக்கம் சூட்டில் விரியும், வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கும், அந்த இழுபறியில் விரிசல் விழும். போரான் சேர்த்த கண்ணாடி சூட்டுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் விரியும், அதனால் தாங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் என்பவர் உருவாக்கிய கண்ணாடி இது. பள்ளிக்கூட லேபில் பார்த்த பீக்கரும் இதே ஜாதிதான். சூட்டைத் தாங்கும் என்பதால் கீழே போட்டாலும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி கண்ணாடிதான்.

சரி, ஒரு டீ பாட்டுக்கு இவ்வளவு ஏன் என்று கேட்கலாம். எங்கள் ஊரில் டீக்கு என்ன குறை? ரவுண்டானா பக்கம் எந்த நேரத்துக்குப் போனாலும் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த ஸ்ட்ராங் டீ எனக்கும் பிடிக்கும், கடைக்குத் தினமும் பார்சல் வருகிறது. ஆனால் டீக்கடை பெஞ்ச் ஆண்களுடையது. பெண்கள் வாங்கிக்கொண்டு போகலாம், ஓரமாக நின்று குடிக்கலாம். நாலு பெண்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச அங்கே இடம் இல்லை. பைபாஸ் ஓட்டல்களில் உட்காரலாம், ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த குடும்பம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும். பெங்களூர் 90 கிலோமீட்டர்தான், அங்கே போய் அழகான கஃபேயில் உட்காரலாம் என்பார்கள். ஒரு காபிக்காக ஓசூர் நெரிசலில் பாதி நாளைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இதனால்தான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுடையது என்று நாலு பேர் முடிவு செய்தோம். நர்ஸ் அக்கா, டியூஷன் டீச்சர், மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் ஒரு தங்கச்சி, நான். ஒரே ஒரு விதி: யாரும் சமைத்துக் கொண்டு வரக் கூடாது, வாங்கித்தான் வரணும். "ஒரு சுண்டலாவது செஞ்சு எடுத்துட்டு வரேன் கண்ணு" என்று நர்ஸ் அக்கா ஆரம்பத்தில் கெஞ்சிப் பார்த்தார். விடவில்லை. அன்றைக்கு அடுப்புப் பக்கம் போகாமல் இருப்பதுதான் எங்களுக்குக் கிடைக்கிற பெரிய சொகுசு.

எங்கே போவது? கிருஷ்ணகிரியில் வெளியே போவது என்றால் முதலில் கே.ஆர்.பி. அணைதான். தென்பெண்ணையின் குறுக்கே, காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது கட்டியது, முழு நீர்மட்டம் 52 அடி. அங்கே மீன் வறுவல் வாசனையை மீறி டீ வாசனையை அனுபவிப்பது கஷ்டம். முதலில் மீனை முடித்துவிட்டு, கை கழுவி, பூங்காவுக்குள் மரத்தடியில் விரிப்பைப் போட வேண்டும். சில நாட்களில் அணைத் தண்ணீர் பச்சை பிடித்து வாடை அடிக்கும். அப்போது கரையோரம் உட்கார ஆசைப்படாதீர்கள்.

அடுப்பு எதுவும் எடுத்துப் போக வேண்டாம். ஸ்டீல் பிளாஸ்க்கில் வெந்நீர் போதும். ஆனால் பிளாஸ்க்கை முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் சூடாக்கிக் கொட்டிவிட்டு, அப்புறம் மறுபடி கொதிக்கக் கொதிக்க நிரப்ப வேண்டும். கறுப்பு டீக்குக் கொதிநிலைக்குப் பக்கத்திலுள்ள சூடு வேண்டும். தண்ணீர் ஆறியிருந்தால் நிறம் வரும், மணம் வராது.

இலையும் மாற வேண்டும். டீக்கடையில் போடுவது பெரும்பாலும் சி.டி.சி. தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும் இயந்திர முறை அது, 1930களில் அசாமில் வந்தது. பாலோடு சேர்ந்தால் சட்டென்று நிறமும் கடுப்பும் இறங்கும், நம் பாய்லர் டீக்கு அதுதான் பொருத்தம். இந்தக் கண்ணாடி டீ பாட்டுக்குள் அதைப் போட்டால் பொடி வடிகட்டித் துளை வழியாக இறங்கிக் கலங்கிவிடும். இதற்கு ஆர்த்தடாக்ஸ் என்று விற்கும் முழு இலை வேண்டும். குன்னூர் போகிற யாரிடமாவது சொல்லி நீலகிரி இலை வாங்கி வைத்துக்கொள்வேன். அரை லிட்டருக்குத் தளும்பாமல் நாலு டீஸ்பூன், மூன்று நிமிடம். அதற்கு மேல் விட்டால் துவர்க்கும்.

அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் கண்ணாடி. கறுத்துச் சுருண்டிருக்கும் இலை, மடித்து வைத்த பட்டுத் துணியை உதறினாற்போல மெல்ல விரியும். தண்ணீரில் முதலில் ஒரு மஞ்சள் கோடு இறங்கும், பிறகு தேன் நிறம், பிறகு செம்மை. நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்ப்போம். வீட்டில் டீ என்பது பொங்கி வழியாமல் பிடிக்க வேண்டிய ஒரு வேலை. அது ஆகிற அழகை உட்கார்ந்து பார்க்க முடியும் என்பதே எனக்குப் புதுசாக இருந்தது. பீங்கான் டீ பாட் என்றால் இது கிடைக்காது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது முக்கியம். போர் தண்ணீரில் போட்டால் டீ மங்கலாகும், மேலே மெல்லிய ஆடை படரும். உப்பும் சுண்ணாம்பும் உள்ள கடினத் தண்ணீர் அப்படித்தான் செய்யும். பால் டீயில் இது தெரியாது, கண்ணாடியில் பளிச்சென்று தெரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தொடங்கி வைத்தார்கள். குழாயில் அந்தக் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்துப் போட்டால் டீ தெளிவாக, மணமாக இருக்கிறது. இல்லாவிட்டால் கேன் தண்ணீர்.

தின்பண்டத்துக்குக் காவேரிப்பட்டணம் வரை போவோம். அங்கே வாங்கிய நிப்பட்டும் (தட்டை மாதிரி) எலுமிச்சை பிழிந்த டீயும் நல்ல ஜோடி. பால்கோவா என்றால் டீயில் சர்க்கரையே வேண்டாம், ஒரு துண்டு வாயில் கரையும்போதே ஒரு மடக்கு. மாம்பழக் காலத்தில் வேறு எதுவும் வாங்குவதில்லை, செந்தூரா பழத்தைத் துண்டு போட்டு டீயோடு சாப்பிடுவோம். அப்போது எங்கள் தங்கச்சிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கூழுக்கு வந்து இறங்கும் காலம் அது. "அக்கா, கை, துணி, கணக்கு நோட்டு எல்லாம் மாம்பழ வாசனை" என்று வந்து உட்காருவாள். அவளுக்கு மட்டும் நிப்பட்டு.

எங்கள் சந்திப்புகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அருங்காட்சியக ஞாயிறு. காந்தி ரோட்டில் இருக்கிற அரசு அருங்காட்சியகம், 1993இலிருந்து இருக்கிறது. ஊர்க்காரர்கள் பலர் அந்தப் பக்கமாகவே போய் வந்தும் உள்ளே நுழைந்ததில்லை. நம் மாவட்டம் நடுகற்களுக்குப் பேர் போனது. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஒரு கல், புலியோடு மோதி மாண்டவனுக்கு ஒரு கல். டீச்சர் ஒரு விளையாட்டு வைத்தார்: ஆளுக்கொரு நடுகல்லைத் தேர்ந்தெடுத்து, மாடுகளை மீட்கப் புறப்பட்ட அன்று காலை அந்த வீரனின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு வர வேண்டும். பிறகு வெளியே வந்து, நிழலாக ஓர் இடம் பார்த்து, டீயோடு சொல்ல வேண்டும். கையில் வில் வைத்திருந்தவனைத் தங்கச்சி எடுத்துக்கொண்டாள். அவன் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு, சாப்பிடாமல் கிளம்பினான் என்றாள். நர்ஸ் அக்காவோ வீரனை விட்டுவிட்டு, அவன் காயத்துக்கு மருந்து அரைத்த கிழவியின் கதையைச் சொன்னார். எந்தப் பச்சிலை, எப்படிக் கட்டுப் போட்டாள், எப்போது கை விரித்தாள் என்று ஒவ்வொன்றாக. கேட்டுக்கொண்டிருந்ததில் இரண்டாவது பாட் ஆறியே போய்விட்டது. இந்த மாதிரி ஒரு மத்தியானத்தை எந்தக் கஃபேயும் எனக்குத் தந்திருக்காது.

நர்ஸ் அக்காவுக்குப் பால் இல்லாத டீ இன்னும் பிடிக்கவில்லை. "வெந்நீர்ல காஞ்ச இலை மிதக்குது, இதுக்குப் பேர் டீயா?" என்பார். ஆர்த்தடாக்ஸ் இலையில் பால் விட்டால் சப்பென்று ஆகிவிடும் என்பதால், அவருக்குத் தனியாக ஒரு சின்ன பிளாஸ்க்கில் இஞ்சி தட்டிப் போட்ட பால் டீ, டீக்கடையிலிருந்தே வாங்கி வருகிறோம். கூட்டம் சேருவது முக்கியம், எல்லோரும் ஒன்றையே குடிக்க வேண்டும் என்பதில்லை.

இனி குறைகள். மூக்கு சரியாக வளைக்கப்படவில்லை, மெதுவாக ஊற்றினால் ஒரு சொட்டு அடிப்பக்கம் வழிந்து விரிப்பில் கறையாகும். தயங்காமல் வேகமாகச் சாய்த்து, வேகமாக நிமிர்த்தினால் சரியாக வருகிறது. மூடிக்குப் பூட்டு எதுவும் இல்லை, சாய்க்கும்போது இன்னொரு கையால் பிடித்தே ஆகணும். வடிகட்டி ஆழம் குறைவு. ஒரு ஆளுக்கு என்று கால் லிட்டர் ஊற்றினால் இலை தண்ணீரையே தொடாது. தனியாகக் குடிப்பவர்கள் 350 மில்லி அளவில் சின்னதாக ஒன்று பார்ப்பது நல்லது. எனக்கு வந்த பார்சலில் மூடி நசுங்கியிருந்தது. மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் படம் எடுத்து அனுப்பு, திறக்கும்போது எடுத்த வீடியோ எங்கே என்று நன்றாக அலைக்கழித்த பிறகுதான். பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய கண்ணாடி என்பதால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும், அணைக் காற்றில் இன்னும் சீக்கிரம். இதற்கு நானே ஒரு உறை தைத்தேன். இரண்டு அடுக்கு பருத்தித் துணி, நடுவில் இலவம் பஞ்சு, கட்டம் கட்டமாகத் தையல், மூக்குக்கும் கைப்பிடிக்கும் இரண்டு பிளவு. வெளியே மதுரைச் சுங்குடி பிட், உள்ளே லைனிங் மிச்சம். இலையை எடுத்துவிட்டு உறையைப் போட்டால், நாலு பேரும் இரண்டாவது சுற்றுக் குடிக்கும் வரை சூடு நிற்கிறது. இலை உள்ளேயே கிடந்தால் சூடு நிற்கும், கூடவே துவர்ப்பும் ஏறும்.

கழுவுவது சுலபம். கறை படிந்தால் ஆப்ப சோடா ஒரு ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தால் போய்விடும். கம்பி நார் படவே கூடாது, கீறல் விழுந்த கண்ணாடி பிறகு சூட்டைத் தாங்காது. வடிகட்டியின் ஓரத்தில் துகள் சிக்கும், பழைய டூத் பிரஷ் வைத்துத் தேயுங்கள்.

கடைகளில் கண்ணாடியே சுருளாகச் செய்த வடிகட்டி உள்ள மாடலும் வைத்திருக்கிறார்கள், பார்க்க அழகுதான். ஆனால் எடுத்துப் போகிற பொருளுக்கு ஸ்டீல் வடிகட்டிதான் உழைக்கும், இலையையும் அதோடு சேர்த்து வெளியே எடுத்துவிடலாம். வடிகட்டி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் அடுத்த சந்திப்பு பர்கூர் பக்கம் தொகரப்பள்ளி அருகே மயிலாடும்பாறை. 4,200 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இரும்பு இருந்தது என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்களே, அதே இடம். நாலு பேரில் யாரும் பார்த்ததில்லை. வெயிலுக்கு முன் காலையிலேயே கிளம்புகிறோம். டீ பாட்டும் உறையும் என் பொறுப்பு, பால்கோவா டீச்சருடையது.