மெட்டாஷேப்: நினைவுச்சின்னப் பதிவுக்கு எவ்வளவு உதவும்?

முன்பு ஃபோட்டோஸ்கேன் என்றிருந்த மென்பொருள்தான் இது. ஒளிப்படங்களை முப்பரிமாண மாதிரியாக்கும். சிற்பம், கல்வெட்டு, தூண் என்றால் அபாரம். கல்லின் சொரசொரப்புதான் இதற்குத் தீனி. மெருகேற்றிய கல்லிலும் வெள்ளையடித்த சுவரிலும் பொருத்திப் பார்க்க நிலையான புள்ளிகள் கிடைக்காததால் மாதிரியில் ஓட்டை விழும்.

கோளாறு பெரும்பாலும் மென்பொருளில் இல்லை, படத்தில்தான். அடுத்தடுத்த படங்கள் 80 சதவீதமும் வரிசைகள் 60 சதவீதமும் ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். நின்ற இடத்திலிருந்தே கேமராவைத் திருப்பினால் ஆழம் கிடைக்காது; ஒவ்வொரு படத்துக்கும் நகரவேண்டும். ஜூமைத் தொடவே கூடாது. வெயிலின் நிழல் மாதிரியின் நிறத்தில் அப்படியே பதிந்துவிடும், மேகமூட்டமான நாளே நல்லது.

ஸ்டாண்டர்ட் பதிப்பு காட்சிக்கு மட்டும்தான். அளவுகோல், அதாவது இரு புள்ளிகளுக்கு இடையே அளந்த தூரம், கொடுத்து மாதிரியை உண்மை அளவுக்குக் கொண்டுவர அதில் வழியில்லை. ஆவணப்படுத்த ப்ரொஃபஷனலே வேண்டும். பொருளின் அருகே அச்சிட்டு வைத்த குறியீட்டு வட்டங்களை (ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் உள்ள அடையாளங்கள்) அது தானே கண்டுபிடிக்கும். வட்டங்களுக்கு இடையே அளந்த தூரத்தை நாம் கொடுத்தால் போதும். ஓர் அளவுகோலைக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்ப்புக்கு ஒதுக்கினால் உண்மையான பிழை எவ்வளவென்று தெரியும்.

நீண்ட நடைகூடத்தில் ஒரே திசையில் படமெடுத்துப் போனால் மாதிரி மெல்ல வளைந்துவிடும். திரும்பி வரும்போதும் எடுத்து வளையத்தை மூடுங்கள், இரு முனையிலும் கட்டுப்பாட்டுப் புள்ளி (இடம் துல்லியமாக அளக்கப்பட்ட அடையாளம்) வையுங்கள்.

எரிச்சலூட்டும் ஒன்று: திட்டக் கோப்பில் படங்கள் சேமிக்கப்படாது, அவை இருக்கும் பாதை மட்டுமே இருக்கும். காப்பகத்துக்கு மூலப் படங்களையும் சேர்த்தே அனுப்புங்கள்.