கணக்கு சரி, ராஜினாமாக் கடிதம்தான் இன்னும் வரவில்லை

நாகர்கோவிலில், வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஓய்வுக்கால நிதி ஆலோசனை அலுவலகம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைப் போடவில்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அதில் மூன்று நட்சத்திரம், அவர்கள் தந்த அறிக்கையின் ஏழாம் பக்கத்துக்கு மட்டும்.

நான் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் சேர்ந்துவிட்டதால் பழைய ஓய்வூதியம் வருகிறது. என் வீட்டுக்காரருக்கு 55 வயது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் முதுநிலைத் துணைத் தலைவர். அவர் ஒரு மாதம் வாங்குவதை நான் ஒரு வருடம் முழுக்கப் பாடம் நடத்தியும் வாங்கியதில்லை. ராமவர்மபுரத்தில் சொந்த வீடு, குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர், கடன் எதுவும் கிடையாது. ஆனாலும் ஓய்வு பெற்றது நான்; அவர் இன்னும் வந்தே பாரத்தில் வந்து இறங்கி, ரசவடையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் லேப்டாப்பைத் திறக்கிறார். "இன்னும் ஒரு வருடம்" என்ற பேச்சு எனக்கு அலுத்துப்போனதால்தான் இந்த அலுவலகத்துக்கே போனோம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர். இப்படிப்பட்டவர்கள் ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் திட்டங்களுக்கான தரகும் சேர்த்து வாங்கக் கூடாது என்பது விதி. எனவே எந்தப் பாலிசியையும் நம் தலையில் கட்டப் பார்க்கவில்லை. பேச்சிலும் மரியாதை. "டீச்சர், நீங்களே கணக்கைச் சரிபாருங்கள்" என்று தாளை என் பக்கம் நகர்த்தினார். சரிபார்த்தேன். பிழை இல்லை.

நான்கு சதவீதக் கணக்கு என்று ஒன்று எல்லோர் வாயிலும் அடிபடுகிறது அல்லவா? சேமிப்பில் முதல் ஆண்டு நான்கு சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்பது. வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்கர் 1994இல் வெளியிட்ட கணக்கு அது. அமெரிக்கச் சந்தையை வைத்து, 30 ஆண்டுகளுக்குப் போட்டது. 55 வயதில் வேலையை விடுபவர் 90 வரை இருந்தால் 35 ஆண்டுகள் ஆகிவிடும். அதனால் எங்கள் ஆலோசகர் மூன்று சதவீதம்தான் வைத்தார். செலவு ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறும், அதாவது 12 ஆண்டில் இரட்டிப்பாகும் என்றும் வைத்தார். அப்படி இறுக்கிப் பிடித்தும் எங்களிடம் பணம் மிஞ்சியது. வீட்டுக்காரர் முகத்தில் அதைப் பார்த்து ஒரு சந்தோஷமும் தெரியவில்லை.

ஏன் என்பதற்கான விடை ஏழாம் பக்கத்தில் இருந்தது. வேலையை விட்டால் எவையெல்லாம் கைவிட்டுப் போகும் என்ற பட்டியல். முதலாவது, நிறுவனம் தரும் பங்குகள். ஒரு ஆண்டுக்கான ஒதுக்கீடு ஒரே நாளில் கைக்கு வருவதில்லை. நான்கு ஆண்டுகளில் கால்கால் பங்காக வருகிறது. ஆண்டுதோறும் புதிய ஒதுக்கீடும் சேர்கிறது. ராஜினாமா செய்தால் கைக்கு வராததெல்லாம் போய்விடும். அப்படியானால் எந்த ஆண்டு கிளம்பினாலும், முந்தைய மூன்று ஒதுக்கீடுகளில் முறையே மூன்று கால், இரண்டு கால், ஒரு கால் பாக்கி இருக்கும்; ஆக ஒன்றரை ஆண்டு ஒதுக்கீட்டை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். புதியது அறிவித்த மறுநாள் என்றால் இரண்டரை. இந்த வருடம் விட்டாலும் அடுத்த வருடம் விட்டாலும் நஷ்டம் அதேதான். ரப்பர் மரத்துச் சிரட்டையைக் காலி செய்யும்போதே அடுத்த பால்வெட்டு விழுவதுபோலத் திட்டமிட்டு வைத்திருக்கிறார்கள். "இன்னும் ஒரு வருடம்" ஏன் தீரவே மாட்டேன் என்கிறது என்பது எனக்கு அந்த நாற்காலியில்தான் விளங்கியது.

இரண்டாவது, என் மாமியார். வயது 81, சர்க்கரை, இதய நோய் இரண்டும் உண்டு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் காத்திருப்பு எதுவும் இல்லாமல் அவருக்குச் சிகிச்சை கிடைக்கிறது. புதிய பாலிசி எடுக்க 65 வயது என்றிருந்த வரம்பு 2024இல் நீக்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். விலகும்போது குழுப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம், ஆனால் ஏற்பதும் பிரீமியத்தை நிர்ணயிப்பதும் அவர்கள் கையில், ராஜினாமாவுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள் என்றார் ஆலோசகர். கொடுத்த கட்டணம் இந்த ஒரு யோசனைக்கே தகும்.

இனி குறை. எங்கள் மகளுக்கு வரன் பார்க்கிறோம். இந்த மாவட்டத்தில் பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்வி, பெண் என்ன படித்திருக்கிறாள் என்ற கேள்விக்கு முன்னால் வரும். "சென்னையில் துணைத் தலைவர்" என்பதற்கும் "வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார்" என்பதற்கும் தரகர் குரலிலேயே வித்தியாசம் தெரியும்; 55 வயதில் சும்மா இருக்கிறார் என்றால் துரத்திவிட்டார்களோ என்று பேசுவார்கள். அழைப்பிதழில் அப்பா பெயருக்குக் கீழே பதவி அச்சாகும்வரை நகர மாட்டேன் என்று இருக்கும் ஆண்களை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். நாகர்கோவிலில் அலுவலகம் வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. அறிக்கையில் கல்யாணச் செலவுக்கு ஒரு வரி இருக்கிறது, தங்கத்துக்கு ஒரு வரி இருக்கிறது, இதற்கு ஒரு சொல்கூட இல்லை.

இன்னொன்றையும் அவர்கள் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்த வேலை பிடிக்கும். இரவு பத்து மணிக்கு யாராவது கூப்பிட்டு "சார், நீங்கள் சொன்னால்தான் நடக்கும்" என்றால் அவருக்குப் பத்து வயது குறைந்துவிடுகிறது. ரப்பர் தோட்டத்தில் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பால்வெட்டுக்காரர் என்னிடம்தான் பேசுவார். இதைக் கேட்டறிய நிதி ஆலோசகர் எதற்கு என்பீர்கள். அதுவும் சரிதான், இதற்காக நட்சத்திரத்தைக் குறைக்கவில்லை.

குறைத்த ஒரு நட்சத்திரம் எதற்கென்றால்: அலுவலகம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை, வருபவர்களில் பாதிப் பேர் முழங்கால் வலிக்காரர்கள். அறிக்கை முழுக்க ஆங்கிலம். சொன்ன தேதிக்கு வரவும் இல்லை, நான் இருமுறை போன் செய்த பிறகே வந்தது.

போகிறவர்கள் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு விவரம், பங்கு ஒதுக்கீட்டுக் கடிதங்கள், குழுக் காப்பீட்டு அட்டை, ஓராண்டு வங்கிக் கணக்கு நகல் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். கணவரையும் நேரில் அழைத்துப் போங்கள். வீடியோ அழைப்பில் கலந்துகொள்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு திரையில் அலுவலகக் கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும்.