ஸ்கூல் ட்ராயிங் வேலையா, வீட்டு கிளாஸா?

கிருஷ்ணகிரி பக்கம் படம் வரையற தம்பி தங்கச்சிங்க அடிக்கடி கேக்கறது இதான், நான் ரெண்டும் பாத்துட்டேன், அதனால சொல்றேன்.

அரசு ஸ்கூல்ல பகுதிநேர ஓவிய ஆசிரியர்னா 2012ல 5,000 ரூபாய்ல எடுத்தாங்க, படிப்படியா ஏறி 2024ல தான் 12,500 ஆச்சு, அப்போ வரைக்கும் மே மாசம் சம்பளமும் இல்ல. இத்தனை வருஷம் நம்பி இருந்தவங்கள நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. நான் இருந்தது ஒரு தனியார் ஸ்கூல், மாசம் 9,000, ஆனா எக்ஸாம் வந்தா முதல்ல நம்ம பீரியட தான் கணக்கு டீச்சர் வாங்கிப்பாங்க, ஆண்டு விழா வந்தா ஸ்டேஜ் பேனர் வரையறதும் நாமதான், வீட்டுக்கு வந்து சொந்தமா ஒரு கோடு போட தெம்பு இருக்காது.

வீட்டு கிளாஸ் 6 பசங்களோட ஆரம்பிச்சேன், ஆளுக்கு 500. ஏப்ரல் மே மாசம் திண்ணை நிறைஞ்சுடும், பிப்ரவரி மார்ச்ல பாதி பேர் ட்யூஷனுக்கு ஓடிடுவாங்க, அந்த ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே கொஞ்சம் எடுத்து வைக்கணும். ஓசூர் அபார்ட்மெண்ட்ல எடுத்தா இதே கிளாஸுக்கு டபுள் ஃபீஸ் தராங்க, பஸ்ல போய்வர நேரம் தான் பிரச்சனை. ஆனா காலை நேரம் முழுக்க என்னோடது, நான் வரையறேன். ஒருநாள் பசங்கள நம்ம மாவட்டத்து மல்லப்பாடி குகைக்கு கூட்டிப்போய் பாறையில வெள்ளை நிறத்துல இருக்கற பழங்கால ஓவியங்கள காட்டினேன், எந்த ஸ்கூல் டைம்டேபிள்லயும் அதுக்கு இடம் கிடைச்சிருக்காது.

நான் வீட்டு கிளாஸ் பக்கம் தான். எதுக்கும் அரசு நடத்துற ட்ராயிங் பரீட்சை, லோயர், ஹையர்னு ரெண்டு கிரேடும் எழுதி வைங்க.